இறந்தால் பங்கு, பிரிந்தால் படி

ஓர் இந்துக் கணவன் உயில் எழுதாமல் இறந்துபோனால், அவன் சம்பாதித்து வாங்கிய வீட்டிலும் வங்கியில் போட்டு வைத்த பணத்திலும் மனைவிக்குப் பங்கு உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளை முதல் வகுப்பு வாரிசாக வைத்து, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் ஈடான பங்கைத் தருகிறது. அவள் எத்தனை வருடம் சமைத்தாள், வேலைக்குப் போனாளா, குணம் எப்படி என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதே கணவன் உயிரோடு இருந்து, இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய பிறகு அவளை விவாகரத்து செய்தால் கதையே வேறு. வீடு அவன் பெயரில் இருந்தால் வீடு அவனுடையது. நிரந்தர வைப்பு, பங்குகள், வருங்கால வைப்பு நிதி எல்லாமே அப்படித்தான். அவள் நீதிமன்றத்தில் மனுதாரராக நின்று, மாதம் எவ்வளவு செலவாகிறது, ஏன் தன்னால் சம்பாதிக்க முடியவில்லை, கணவனின் வருமானம் என்ன என்று ஒவ்வொன்றாக நிரூபித்து, கடைசியில் ஒரு தொகையைப் பெறலாம். அதைத்தான் ஜீவனாம்சம் என்கிறோம்.

விதவைக்குப் பங்கு, விவாகரத்தானவளுக்குப் படி என்ற இந்த ஏற்பாடுதான் இன்றைய ஜீவனாம்சச் சண்டைகளுக்கெல்லாம் வேர் என்பது என் வாதம். ஊடகங்களில் ஓடும் பேச்சு வேறு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 5 கோடி, இன்னொன்றில் 12 கோடி ரூபாய் என்று நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயித்தது. அதே மாதம் பெங்களூரில் மென்பொருள் பொறியாளர் ஒருவர், மனைவி தரப்பு தொடுத்த வழக்குகளைக் காரணமாக எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் இரண்டே கட்சிகளாக நடக்கிறது: பெண்கள் பணம் பறிக்கிறார்கள் என்பது ஒரு கட்சி, ஆண்கள் கைவிட்டுவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்பது மறு கட்சி. இரண்டுக்கும் உதாரணம் கிடைக்கும். ஆனால் சேர்ந்து சேர்த்த சொத்து யாருக்கு என்ற எளிய கேள்வியை இந்து திருமணச் சட்டம் கேட்கவே இல்லை என்பதை இரு கட்சிக்காரர்களும் கவனிப்பதில்லை. கேட்காத கேள்வியின் பாரம் முழுவதும் ஜீவனாம்சத்தின் தலையில் ஏறியிருக்கிறது. மாதச் செலவுக்கென்று உருவான ஓர் ஏற்பாட்டை, சொத்துக் கணக்கையும் தீர்த்து வை என்று கேட்டால் அது எப்படித் தாங்கும்?

சட்டத்தில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. இந்து மனைவி ஜீவனாம்சம் கேட்க நான்கு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, இந்து திருமணச் சட்டம் 1955. அதன் 24-ஆம் பிரிவு வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் தருகிறது. 25-ஆம் பிரிவு தீர்ப்போடு நிரந்தரமாகத் தருகிறது. இந்த இரண்டையும் கணவனும் மனைவியிடம் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது, விவாகரத்து வேண்டாம், தனித்து வாழ்கிறேன் என்பவளுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. மூன்றாவது, மதம் பார்க்காத குற்றவியல் வழி: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. நான்காவது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 20-ஆம் பிரிவு. இந்த நான்கு வாசலுக்குள்ளும் இருப்பது ஒரே கேள்விதான்: அவளுக்குத் தேவை எவ்வளவு, அவனால் முடிவது எவ்வளவு? சொத்தைப் பற்றி இந்து திருமணச் சட்டம் வாய் திறக்கும் ஒரே இடம் 27-ஆம் பிரிவு. அதுவும் திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பரிசுப் பொருள்களைப் பற்றி மட்டும். கல்யாணத்துக்கு வந்த பீரோவுக்குக் கணக்கு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீட்டுக்குக் கிடையாது.

இந்தச் சட்டங்கள் வந்த வரலாற்றைப் பார்த்தால் இடைவெளி எங்கே விழுந்தது என்று புரியும். 1937-இல் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுட்கால உரிமை கிடைத்தது. 1956-இல் அது முழு உரிமையானது. 1946-இல் தனி வசிப்பிடமும் ஜீவனாம்சமும் கேட்கும் உரிமைக்கு ஒரு சட்டம் வந்தது. சென்னை மாகாணம் மத்திய அரசுக்குக் காத்திராமல் 1949-இலேயே இருதாரத் தடையும் விவாகரத்தும் சேர்ந்த சட்டத்தை இயற்றியது. மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இல் கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. ஆக மகளுக்கு வந்தது, விதவைக்கு வந்தது. கணவன் உயிரோடிருக்கும் மனைவியின் முறை மட்டும் வரவே இல்லை. கணவன் இருக்கும்வரை அவளுக்குத் தனியாகச் சொத்து எதற்கு என்ற பழைய எண்ணம், விவாகரத்து என்ற ஒன்றைச் சட்டத்தில் சேர்த்த பிறகும் மாறாமல் தங்கிவிட்டது.

சொத்தில் மனைவிக்குப் பங்கு என்பது மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாது என்பவர்கள் உண்டு. அவர்கள் 1977-இல் உச்ச நீதிமன்றம் ஆந்திராவைச் சேர்ந்த ஒரு விதவையின் மேல்முறையீட்டில் சொன்னதைப் படிக்க வேண்டும். ஜீவனாம்சத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட சொத்து அவளுக்கு முழு உரிமையாகுமா என்பது அந்த வழக்கு. ஆகும் என்று தீர்ப்பு வந்தது. அதைவிட முக்கியம், நீதிபதி ஃபசல் அலி அதற்குக் காட்டிய காரணம். தர்ம சாஸ்திரங்களையும் பழைய உரைகளையும் அலசிவிட்டு, மனைவியின் ஜீவனாம்ச உரிமை எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பிருந்தே உள்ள உரிமை, மண உறவினாலேயே அவள் கணவனின் சொத்தில் ஒருவிதக் கூட்டு உரிமையாளர் ஆகிறாள், அந்த உரிமை அவனுடையதற்குக் கீழ்ப்பட்டதாக இருந்தாலும் சரி, என்று எழுதினார். அதாவது ஜீவனாம்சம் பிறந்த இடமே சொத்தில் உள்ள பங்குதான். கிளை வளர்ந்து மாதப்படி ஆகிவிட்டது, வேரை மறந்துவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், மரபின் பெயரால் மறுக்கப்படும் உரிமைக்கு மரபே சாட்சி சொல்கிறது.

சரி, அவன் சம்பாதித்தான், அவன் வாங்கினான், அவளுக்கு எப்படிப் பங்கு வரும்? இதற்குப் பதில் வீட்டுக்குள் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலைதான் தன் முதன்மையான வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கெடுப்பு எண்களை 2021 ஜனவரியில் தீர்ப்பில் எடுத்துக் காட்டியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி. ரமணா. அது விவாகரத்து வழக்கல்ல, சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு. இல்லத்தரசி விபத்தில் இறந்தால் அவள் செய்த வேலைக்கு ஒரு வருமானத்தைக் கணித்து இழப்பீடு தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. நம் நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்தும் வருகின்றன. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ரூபாயாக மாறும் அதே உழைப்பு, குடும்ப நல நீதிமன்றத்துக்கு வந்தால் பூஜ்யமாகிவிடுகிறது. இங்கே அவளைப் பார்த்து, வருமானம் இல்லாதவள், சார்ந்து வாழ்ந்தவள் என்கிறோம். இரண்டு நீதிமன்றமும் ஒரே வளாகத்தில்கூட இருக்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் இந்த முரண்பாட்டை நேருக்கு நேர் சந்தித்தது. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்புகிறார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்து, அந்தப் பணத்தில் சொத்துகள் வாங்குகிறார். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நடக்கும் கதைதான். பணம் என்னுடையது, எனவே சொத்தும் என்னுடையது, அவள் வெறும் பொறுப்பாளர் என்று கணவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அதை ஏற்கவில்லை. வீட்டுப் பொறுப்பை மனைவி முழுதாக ஏற்றுக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாக வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, இருவரின் உழைப்பும் சேர்ந்துதான் சொத்து வந்தது, ஆகவே அவருக்கும் சமபங்கு உண்டு என்றார். மனைவியின் மறைமுகப் பங்களிப்பை அங்கீகரிக்கச் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவரது வாதத்தின் சாரம். நல்ல தீர்ப்பு. ஆனாலும் அது தனி நீதிபதி ஒருவர் சொத்து வழக்கில் கொடுத்த தீர்ப்பு. விவாகரத்துக்கு வரும் பெண்ணுக்குத் தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. ஒவ்வொருத்தியும் இரண்டாவது மேல்முறையீடு வரை போய் வாதாடித்தான் பெற வேண்டும் என்றால் அதை உரிமை என்று சொல்ல முடியாது.

இந்தியாவிலேயே ஒரு மாநிலத்தில் இது நடைமுறையில் இருக்கிறது. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்து 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் குடும்பப் பகுதிகள் தொடர்கின்றன. திருமணத்துக்கு முன் வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால், கணவன் மனைவி இருவரின் சொத்தும் பொதுவில் சேரும், ஆளுக்குப் பாதி. வீட்டை விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். பிரியும்போது பாதிப் பாதி. இதற்குக் கோவா இந்துக்களும் உட்பட்டவர்கள்தான். அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். பெயரளவில் பாதி இருந்தும் கையெழுத்தை மிரட்டி வாங்குவது எங்கும் நடக்கக்கூடியதே. என் கேள்வி வேறு. அந்தச் சட்டத்தால் கோவா இந்துக்களின் குடும்ப அமைப்பு இடிந்து விழவில்லை என்றால், ஓசூரிலும் நெல்லூரிலும் மட்டும் ஏன் விழும்?

பங்கு என்ற சொல்லே இல்லாததால் மற்ற மாநிலங்களில் நீதிமன்றங்கள் கணவனின் மாதச் சம்பளத்தையே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமான ஜீவனாம்சமாக இருக்கும் என்றது. 1970-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்து எடுத்த அளவு அது. அந்த 2017 வழக்கிலேயே கணவரின் சம்பளம் சுமார் 95,000 ரூபாய். உயர் நீதிமன்றம் நிர்ணயித்த 23,000, அவர் மறுமணம் செய்துகொண்டு புதிய குடும்பத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்காக 20,000 ஆகக் குறைக்கப்பட்டது. கணவனின் இரண்டாவது கல்யாணத்துக்கு முதல் மனைவி மாதம் 3,000 ரூபாய் மொய் எழுதிய மாதிரி ஆயிற்று. நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளத்தைப் பங்கிடுவதுதான் வேலை என்றால், புதிதாக ஒரு வாய் சேரும்போது இருக்கிற சோற்றைத்தான் குறைக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வாங்கிய வீட்டில் அவளுக்குப் பங்கு தீர்ந்திருந்தால், அவனுடைய அடுத்த கல்யாணம் அவளைப் பாதித்திருக்காது.

மறுபுறம் 12 கோடி வழக்கையும் பார்க்க வேண்டும். கணவர் முதல் மனைவிக்குக் கொடுத்ததற்கு ஈடாகத் தனக்கும் வேண்டும் என்று அந்தப் பெண் பல நூறு கோடிகளைக் கணக்குக் காட்டினார். நீதிபதிகள் நாகரத்னா, பங்கஜ் மித்தல் அமர்வு மறுத்தது. பிரிந்த பிறகு கணவன் எவ்வளவு வளர்ந்தாலும் அதற்குச் சமமாகக் கொடு என்று கேட்க ஜீவனாம்சம் வழியல்ல. கணவன் நொடித்துப்போனால் அவனுடைய வறுமைக்கும் சமமாக வர மனைவி சம்மதிப்பாளா என்று கேட்டது. கேள்வி நியாயமானது. அந்தத் தம்பதியர் சேர்ந்து வாழ்ந்தது சில மாதங்களே. நான் கேட்கும் பங்கு அப்படிப்பட்ட வழக்கில் மிகச் சிறியதாகவே இருக்கும். திருமண நாளிலிருந்து பிரிந்த நாள் வரை, உழைப்பால் சேர்ந்த சொத்து மட்டும், கடனைக் கழித்து, இருவருக்கும். அப்பா வைத்துப் போன நிலம் அதில் வராது. அவள் போட்டு வந்த நகை அவளுடைய சீதனம், அதுவும் வராது. ஆறு மாதத்தில் முறிந்த மணத்தில் பங்கிட ஒன்றும் இருக்காது; முப்பது வருட மணத்தில் நிறையவே இருக்கும். ஜீவனாம்சம் என்ற ஒரே கருவியை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் அளப்பதால்தான் ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்தில் அற்பமாகவும் விழுகிறது. மனைவி அதிகம் சம்பாதித்த குடும்பத்தில் கணவனுக்கும் இதே பங்கு போகும். அதை ஏற்கத் தயாரில்லாதவர்கள் இந்த வாதத்தைப் பெண்களுக்காகவும் பேசக் கூடாது.

படித்த பெண் வேலைக்குப் போகலாமே என்பது அடிக்கடி எழும் ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், தகுதியும் அனுபவமும் இருந்தும் வேண்டுமென்றே சும்மா இருப்பவருக்கு இடைக்கால ஜீவனாம்சம் தர மறுத்தது. அதே சமயம் சம்பாதிக்கும் திறன் வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதும் நிற்கிறது. 2005-இல் பி.இ. முடித்து, குழந்தைக்காக வேலையை விட்டு, 2025-இல் நாற்பத்தி இரண்டு வயதில் விண்ணப்பம் போடும் பெண்ணுக்கு அவளுடைய வகுப்புத் தோழன் வாங்கும் சம்பளத்தை யாரும் தரப்போவதில்லை. அந்த இருபது வருடத்தில் அவள் விட்ட சம்பள உயர்வெல்லாம் எங்கே போயிற்று? கணவனின் பதவி உயர்விலும் இடமாற்றத்திலும் கரைந்தது. பங்கு முறை இருந்தால், இவள் வேலைக்குப் போகத் தகுதியானவளா என்ற விசாரணையே பாதியாகக் குறைந்துவிடும். சொத்துக் கணக்கு அதன்பாட்டுக்குத் தீரும். ஜீவனாம்சம் அவள் காலூன்றி நிற்கும்வரைக்கான உதவியாகச் சுருங்கும். ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று புலம்பும் ஆண்களுக்கும் அதுதான் நல்லது.

பொய் வழக்குப் போட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். தகராறில் சம்பந்தமே இல்லாத உறவினர்களையெல்லாம் குற்றவியல் புகாரில் இழுக்கும் போக்கை உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் கண்டித்தது. அப்படிச் சிக்கியவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் சிவில் வழக்கில் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று தெரியாதவரை, கையில் இருக்கும் குற்றவியல் வழக்கையே பேரத்துக்கான ஆயுதமாக்கச் சொல்லும் வக்கீல்கள் இருக்கத்தான் செய்வார்கள். உன் பங்கு இவ்வளவு என்று சட்டமே எழுதிவைத்துவிட்டால் பேரம் பேச என்ன மிஞ்சும்? நிச்சயமின்மையில்தான் மிரட்டல் பிழைக்கிறது. இரு தரப்பு மிரட்டலும். பரஸ்பர சம்மத விவாகரத்துகளில் 'ஒன் டைம் செட்டில்மென்ட்' என்ற பெயரில், கணவனுக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சொற்பத் தொகைக்குக் கையெழுத்துப் போடும் பெண்கள் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் வருவதில்லை.

என்ன இருக்கிறது என்று தெரிவதுதான் எல்லாவற்றுக்கும் முதல் படி. 2020 நவம்பர் 4 அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு கொடுத்த தீர்ப்பு இதில் பெரிய முன்னேற்றம். அவர்கள் முன் வந்தது, ஏழு ஆண்டுகளாகத் தீராமல் கிடந்த ஓர் இடைக்கால ஜீவனாம்ச மனு. இனி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், எதிர்த் தரப்பு நான்கு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றார்கள். தீர்ப்போடு இணைத்த படிவங்களைப் புரட்டிப் பார்த்தால் இவர்கள் ஊர்நாட்டை அறிந்தவர்கள் என்று தோன்றும். நகரத்துக்காரருக்கு ஒரு படிவம்: டீமேட் கணக்கு, காப்பீடு, வைப்பு நிதி, மண வாழ்க்கையின்போது வாங்கிய அசையாச் சொத்து. விவசாயிக்கு வேறு படிவம்: நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், கடந்த மூன்று வருட வருமானம், குத்தகைக்கு எடுத்த நிலம் உண்டா, மாடு, எருமை, ஆடு, கோழி, மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு வரை. பொய் சொன்னால் பொய்ச் சாட்சிக்கான நடவடிக்கை. இவ்வளவு சொல்லியும், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் இந்தப் படிவத்தைக் கேட்காமலேயே உத்தரவு போடுகின்றன என்று குறைப்பட்டு, தீர்ப்பை மறுபடி எல்லா நீதிபதிகளுக்கும் அனுப்பச் சொன்னது. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தம்பி பெயரில் வாங்கிய மனை, அம்மா பெயரில் ஓடும் கடை இவற்றைப் படிவம் எப்படிப் பிடிக்கும்? மனைவிக்குச் சொத்தில் உரிமை சட்டத்தில் இருந்தால், அதைத் தட்டிக்கழிக்க நடந்த கைமாற்றத்தைக் கேள்வி கேட்க அவளுக்கு ஒரு பிடி கிடைக்கும். இன்று அது வெறும் வருமான மறைப்பு.

சொத்தே இல்லாதவர்களுக்கு இந்தப் பங்கினால் என்ன லாபம் என்பது இருப்பதிலேயே கனமான ஆட்சேபம். ஒன்றும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆட்டோ ஓட்டுபவர், கொத்தனார், தினக்கூலி இவர்களைப் பிரிந்த பெண்களுக்கு மாதப்படிதான் கதி. அவர்களுக்குச் சிக்கல் தீர்ப்பில் இல்லை, வசூலில் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. மத்திய அரசு அதை எடுக்க 2001 வரை ஆயிற்று. அதே ஆண்டில்தான் இடைக்கால மனுவை 60 நாளில் முடிக்கப் பாருங்கள் என்ற வாசகமும் சேர்ந்தது. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வாய்தா தேதிக்குக் காத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உத்தரவு வந்த பிறகும் அவன் கட்டாவிட்டால் மறுபடி மனு, வாரண்ட். ஆள் விலாசத்தில் இல்லை என்று வாரண்ட் திரும்பி வரும். பிடிபட்டால் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்விட்டேன், பாக்கி தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சிறையிலிருப்பவன் கூலிக்குப் போக முடியாது என்பதால் அந்த மாதத்துப் பணமும் அவளுக்கு வராது.

சம்பளக்காரர்கள் விஷயத்திலாவது சட்டத்தில் வலுவான ஏற்பாடு ஒன்று தூங்கிக் கிடக்கிறது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்தால் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு தலைகீழாக்குகிறது: மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். வங்கிக் கடனுக்கும் ஜீவனாம்ச பாக்கிக்கும் போட்டி வந்தால் மனைவி, மக்களுக்கே முன்னுரிமை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. எனவே ஜீவனாம்சத்தை முதலாளியே சம்பளத்தில் பிடித்து நேராக அவள் கணக்கில் போடும் உத்தரவு, பாக்கி விழுந்த பிறகு வரும் தண்டனையாக இல்லாமல் முதல் நாளிலிருந்தே வழக்கமாக வேண்டும். கூலிக்காரர் வீட்டுக்கு அதுவும் உதவாது. அங்கே அரசு முதலில் கொடுத்துவிட்டு அவனிடம் வசூலிக்கும் நிதி ஒன்று தேவை. மகளிருக்கு மாதாமாதம் உரிமைத்தொகை அனுப்பும் நிர்வாகம் படைத்த மாநிலத்துக்கு இது செய்ய முடியாத காரியமல்ல.

சொத்துப் பங்கை நாடாளுமன்றம் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறது. 2010-இல் அறிமுகமான திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, மீளவே முடியாதபடி முறிந்த மணத்தை அந்தக் காரணத்துக்காகவே கலைக்க வழி செய்ததோடு, அப்படிக் கலைக்கும்போது கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர நீதிமன்றத்துக்கு அதிகாரமும் கொடுத்தது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவையில் எடுக்கப்படாமலேயே 2014-இல் காலாவதியானது. மசோதாவில் குறை இருந்தது. கணவனின் சொத்தை மட்டும் பார்த்தது, மனைவியின் சொத்தைப் பார்க்கவில்லை, எது பங்குக்கு வரும் எது வராது என்று தெளிவாகக் கோடு போடாமல் நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. ஆண்கள் அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பில் பாதி இந்தக் குறைகளால் வந்தது. குறையைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவருவதை விட்டுவிட்டு எல்லாக் கட்சிகளும் அதை மறந்தன. திருமணம், விவாகரத்து இரண்டும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவை 1967-இல் சேர்த்த தமிழ்நாடு, மகள்களுக்கு 1989-இல் டெல்லியை முந்திக்கொண்ட தமிழ்நாடு, 27-ஆம் பிரிவையும் திருத்தலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்; முன்பு இரண்டு முறையும் கிடைத்தது.

அதுவரை வழக்காடும் பெண்களுக்கு மூன்று வார்த்தை. எதிர்த் தரப்பின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் வராமல் இடைக்கால மனு தள்ளிப்போக விடாதீர்கள். 2020 தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள். குற்றவியல் வழியில் உத்தரவு பெற்றிருந்தால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடுங்கள். தாண்டினால் அந்தப் பணத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது. மொத்தத் தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன், கல்யாணத் தேதியிலிருந்து இன்றுவரை கணவர் வாங்கியதாக உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு சொத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பதிவுத் துறை இணையதளத்திலேயே அதைப் பார்க்கலாம்.